சிசிஎன்ஏ தேர்வுக்கு வாங்கியவற்றில் எது உழைத்தது?

சிஸ்கோ நிறுவனம் தரும் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ தேறி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் முறை தோற்று இரண்டாவது முறை தேறியவன் நான். ஐந்து மாதம் படித்துத் தோற்றேன், மேலும் நான்கு மாதம் படித்துத் தேறினேன். அந்த ஒன்பது மாதத்தில் இரண்டு பாகத் தடிப்புத்தகம், இரண்டு வீடியோ வகுப்புகள், மூன்று மாதிரித் தேர்வுத் தொகுப்புகள், கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பழைய ஸ்விட்ச் இரண்டு என்று வாங்கிக் குவித்தேன். வாங்கின கையோடு விமர்சனம் எழுதியிருந்தால் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். புதுச்செருப்பு கடைக்குள் நடந்து பார்க்கும்போது கடிப்பதில்லை. வேலைக்குப் போய், ஆட்கள் உபயோகித்துக்கொண்டிருக்கும் நிஜ ஸ்விட்ச்சில் கை வைத்த பிறகுதான் எது உழைத்தது, எது அலமாரியை அடைத்தது என்று தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன்.

தேர்வில் என்ன கேட்டார்கள் என்று இதில் இருக்காது. வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தேர்வே தொடங்கும்.

என் முதல் பொருள் இலவசமாக வந்தது, அதுதான் அதிகச் செலவு வைத்தது. தெரிந்தவர் ஒருவர் தான் படித்த புத்தகத்தைக் கொடுத்தார். அது 200-125 என்ற பழைய தேர்வுக்கானது. 2020 பிப்ரவரி 24 முதல் 200-301 நடப்புக்கு வந்துவிட்டது என்பதைக்கூடப் பார்க்காமல் அதை எடுத்து உட்கார்ந்தேன். ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறையான ஈஐஜிஆர்பி பற்றிய அத்தியாயங்களை மூன்று வாரம் கோடு போட்டுப் படித்தேன். ஈஐஜிஆர்பியை அமைக்கும் வேலை புதுப் பாடத்திட்டத்திலேயே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்தை அந்தப் புத்தகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

அந்தச் சூட்டில்தான் சிஸ்கோ இலவசமாகத் தரும் பாடத்திட்டத் தாளை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். சில பக்கம்தான். என் கணக்கில், ஒன்பது மாதத்தில் என் கையில் இருந்த பொருள்களில் இதுதான் முதல் இடம். ஆறு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். நெட்வொர்க் அடிப்படை 20, ஸ்விட்ச்சிங் பக்கம் 20, ரவுட்டிங் பக்கம் 25, ஐபி சேவைகள் 10, பாதுகாப்பு 15, தானியக்கம் 10. இதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். நான் பார்க்கத் தவறியது அதிலிருக்கும் வினைச்சொற்களை. ஒரு தலைப்புக்கு முன்னால் 'டிஸ்கிரைப்' என்று இருந்தால் விளக்கத் தெரிந்தால் போதும். 'கான்ஃபிகர் அண்ட் வெரிஃபை' என்று இருந்தால் கட்டளை கையில் இருக்க வேண்டும், சரியாக ஓடுகிறதா என்று பார்க்கவும் தெரிய வேண்டும். 'இன்டர்பிரெட்' என்றால் திரையில் கொட்டும் வெளியீட்டைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். ஈஐஜிஆர்பி போலவே வழி சொல்லும் நெறிமுறையான ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃப் இரண்டாவது வகை. ஒரு ரவுட்டர் விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்க வைக்கும் ஹெச்எஸ்ஆர்பி குடும்பம் முதல் வகை. நான் என்ன செய்தேன்? ஹெச்எஸ்ஆர்பி கட்டளைகளை ஒரு வாரம் உருப்போட்டுவிட்டு, ஓஎஸ்பிஎஃப் வீடியோவை இரண்டு தடவை பார்த்ததோடு விட்டுவிட்டேன். முதல் தேர்வின் மதிப்பெண் தாளில் ரவுட்டிங் பகுதி பல்லைக் காட்டியது.

வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் கசப்போடுதான் எழுத வருகிறது. நியாயமாகச் சொன்னால் அந்த ஆசிரியர் நன்றாக நடத்தினார். ஸ்விட்ச்சுகளுக்குள் தரவு வட்டமடிக்காமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயில் எந்த ஸ்விட்ச் ரூட் (தலைமை) ஆகிறது, எந்த போர்ட் அடைபடுகிறது என்பதைப் படம் அசைத்துக் காட்டியது புத்தகத்தின் பல பக்கங்களுக்குச் சமம். சிக்கல் வேறு. அவர் தட்டத் தட்ட எல்லாம் ஓடுகிறது. பிங் போட்டால் பதில் வருகிறது. ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்துக்கொண்டு நானும் தலையாட்டினேன், எனக்கே எல்லாம் வந்துவிட்டது போல இருந்தது. வீடியோவை மூடிவிட்டு வெறும் டெர்மினலைத் திறந்தால் விரல் நகரவில்லை. கரையில் உட்கார்ந்து நீச்சல் பார்த்த கதைதான். இதற்கு மேல் இன்னொரு வகுப்பையும் தள்ளுபடியில் வாங்கினேன். அந்த ஆசிரியர் சப்நெட்டிங்குக்கு, அதாவது நெட்வொர்க் முகவரிகளைப் பிரிக்கும் கணக்குக்கு, வேறொரு அட்டவணை போட்டார். இவர் முறையும் அவர் முறையும் கலந்து, இரண்டு வாரம் எதுவுமே வராமல் போனது. நான்காவது பாடத்தோடு அந்த வகுப்பு நின்றது, இன்னும் அங்கேயே நிற்கிறது.

புத்தகத்துக்கு நேர் எதிர் அனுபவம். முதல் ஐந்து மாதம் அது எனக்குத் தூக்க மாத்திரை. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பேன், கால் மணி நேரத்தில் கண் சொருகும். இரண்டாவது சுற்றில் வரிசையை விட்டுவிட்டேன். நானே கட்டிப் பழகும் நெட்வொர்க்கில், அதாவது லேபில், ஏதாவது ஓடாமல் நின்றால் மட்டும் பின்பக்கச் சொல்லடைவைப் பார்த்து உரிய இடத்துக்குப் போவேன். அப்போது ஒவ்வொரு வரியும் எனக்கென்றே எழுதியது போல இருந்தது. இன்றைக்கும் மேசையில் இருப்பது அந்த இரண்டு பாகங்கள்தான்.

லேபுக்கு வருவோம். பெரும்பகுதி பாக்கெட் டிரேசரில் செய்தேன். நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இலவசம். அது ஒரு பாவனை மென்பொருள். உள்ளே சிஸ்கோ சாதனங்களின் இயங்குதளமான நிஜ ஐஓஎஸ் ஓடுவதில்லை, எல்லாக் கட்டளைகளும் கிடைக்காது. சிசிஎன்ஏ அளவுக்கு எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. முதல் சுற்றில் அதை வீணாக்கியது நான்தான். தயாராகக் கிடைக்கும் பயிற்சிக் கோப்புகளை இறக்கி, படி ஒன்று, படி இரண்டு என்று சொன்னபடி தட்டிவிட்டு நூறு சதவீதம் வந்ததும் மூடிவிடுவேன். இரண்டாவது சுற்றில் வெறும் திரையில் நானே வரைந்தேன். மூன்று ரவுட்டர், இரண்டு ஸ்விட்ச், நான்கு விலான் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்துவைக்கும் தனித்தனி நெட்வொர்க்). அப்புறம்தான் தவறுகள் வரத் தொடங்கின. ஓஎஸ்பிஎஃப்பில் எல்லா இன்டர்ஃபேஸையும் பாசிவ் ஆக்கிவிட்டு, திறக்க வேண்டியதைத் திறக்க மறந்து, பக்கத்து ரவுட்டர் ஏன் கண்ணில் படவில்லை என்று ஒரு மணி நேரம் தேடினேன். பாசிவ் என்றால் அந்தப் பக்கம் ரவுட்டரின் அறிமுகச் செய்தியான ஹலோ போகாது, ஹலோ போகாமல் உறவு ஏது. யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று சொல்லும் ஏசிஎல் பட்டியலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் 'மற்ற எல்லாவற்றையும் தடு' என்று ஒரு வரி இருப்பதை மறந்து, சொந்த நெட்வொர்க்கையே பூட்டிக்கொண்டேன்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் ஒரு சொல் விட்டுப்போனதால் வந்தது. பல விலான்களைச் சேர்த்துச் சுமக்கும் இணைப்பான ஒரு டிரங்கில் 10, 20 இரண்டு விலான்களும் போய்க்கொண்டிருந்தன. 30-ஐச் சேர்க்க நினைத்து 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவுட் விலான் 30' என்று தட்டினேன். 30 ஓடியது, 10-ம் 20-ம் செத்துப்போயின. நடுவில் 'ஆட்' என்ற சொல் இல்லாவிட்டால் அந்தக் கட்டளை பழைய பட்டியலோடு சேர்க்காது, பட்டியலையே மாற்றிவிடும். லேபில் யாரும் போன் செய்து கத்தவில்லை. வேலைக்குச் சேர்ந்து சில மாதம் கழித்து, ஒரு தளம் முழுவதையும் சுமக்கும் டிரங்கில் இதே கட்டளையைத் தட்ட வேண்டி வந்தது. பாதி தட்டியதும் விரல் தானாக நின்றது. அந்த ஒரு நொடிக்காகவே ஒன்பது மாதப் படிப்பு பலித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஸ்விட்ச் இரண்டு வாங்கியது தேவையா என்று பலர் கேட்டார்கள். தேர்வுக்கு மட்டும் என்றால் தேவையில்லை. மின்விசிறிச் சத்தம் வேறு, இரவில் போட்டால் வீட்டில் இருப்பவர்கள் முறைப்பார்கள். ஆனால் கன்சோல் கேபிளைச் செருகுவது, பழைய சொந்தக்காரர் விட்டுப்போன கடவுச்சொல்லை மோட் பொத்தானை அழுத்திப் பிடித்துத் தாண்டுவது, இதெல்லாம் பாவனையில் உறைக்காது. ஒருமுறை சேமித்த அமைப்புகள் இருக்கும் ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கை அழித்துவிட்டு ரீலோட் செய்தேன். எல்லாம் போயிருந்தது, பழைய ஆளின் விலான்கள் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தன. விலான் விவரம் கான்ஃபிக்கில் இல்லாமல் ஃபிளாஷ் நினைவகத்தில் விலான்.டேட் என்ற தனிக் கோப்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் போனது.

மாதிரித் தேர்வுகளில் மூன்றில் ஒன்றுதான் தேறும். முதலாவது, கேள்விகளைத் திரும்பிப் போய்த் திருத்தவிட்டது. சந்தேகமானதைக் குறித்துவைத்துவிட்டுக் கடைசியில் வரலாம். வசதிதான். நிஜத் தேர்வில் அடுத்தது அழுத்திவிட்டால் போனது போனதுதான், திரும்ப முடியாது. மொத்தம் 120 நிமிடம். இந்தப் பழக்கத்தோடு உள்ளே போன நான் ஒவ்வொரு கேள்வியிலும் தயங்கி நின்றேன், கடைசிக் கேள்விகளை ஓட்டமாக ஓடி முடித்தேன். நான் தோற்றதற்கு ரவுட்டிங் பாதிக் காரணம் என்றால் இது மீதி.

இரண்டாவது தொகுப்பு இன்னும் மோசம், விடைகளே தப்பு. ஒரு கேள்வி நினைவிருக்கிறது. 10.1.1.130-க்கு ஒரு பாக்கெட் போக வேண்டும். ரவுட்டரில் 10.1.1.0/24-க்கு ஸ்டாடிக் ரூட் (கையால் எழுதிவைத்த வழி) இருக்கிறது, 10.1.1.128/25-ஐ ஓஎஸ்பிஎஃப் கற்றுத் தந்திருக்கிறது. எது ஜெயிக்கும்? ஸ்டாடிக்கின் நிர்வாகத் தொலைவு (எந்த வழியை நம்புவது என்பதற்கான எண், குறைவாக இருப்பதே ஜெயிக்கும்) 1, ஓஎஸ்பிஎஃப்பின் தொலைவு 110, ஆகவே ஸ்டாடிக் என்றது விடை. அந்தத் தொலைவை ஒப்பிடுவது ஒரே பிரிஃபிக்ஸுக்கு (/24 போன்ற நீளத்தோடு சேர்ந்த நெட்வொர்க் முகவரிக்கு) இரண்டு வழி வரும்போதுதான். இங்கே பிரிஃபிக்ஸே வேறு, நீளமான /25 தான் எடுக்கப்படும். எனக்கு அப்போது அவ்வளவு தைரியம் இல்லை, விடைத்தாள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மனசு கேட்காமல் லேபில் கட்டிப் பார்த்தேன். விடைத்தாள்தான் தப்பு. அந்தத் தொகுப்புக்குப் பணம் கொடுத்ததற்கு வருத்தம் உண்டு, ஆனால் அந்த ஒரு தப்பு விடையோடு சண்டை போட்டதில் ரவுட்டிங் டேபிளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்பதும் உண்மை.

மூன்றாவதுதான் உருப்படி. சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் தப்பு என்றும் எழுதியிருந்தது. வாங்குமுன் இலவச மாதிரியில் பார்க்க வேண்டியது இது ஒன்றைத்தான். அதிலும் ஒரு எச்சரிக்கை: மூன்றாவது தடவை எழுதியபோது 92 சதவீதம் வந்தது. கொண்டாடிவிட்டு யோசித்தால், கேள்வியின் முதல் வரியைப் பார்த்ததுமே விடை எந்த இடத்தில் இருக்கும் என்று கண் போயிருக்கிறது. முதல் தடவை எடுத்த 64-தான் என் நிஜமான மதிப்பெண்.

சப்நெட்டிங்குக்குத் தனியாக எதையும் வாங்க வேண்டாம். 192.168.10.77/27 என்றால் 32 32-ஆகத் தாவினால் 64-ல் தொடங்கி 95-ல் முடிகிறது, நடுவில் 30 முகவரி. இப்படித் தினம் பத்துக் கணக்கு வெறும் தாளில் போட்டேன். இரண்டு மாதத்தில் ஒன்றரை நிமிடம் கால் நிமிடமானது. நினைவட்டைகளும் அப்படித்தான். இரண்டாயிரம் அட்டைகள் கொண்ட ஒரு தொகுப்பை இறக்கி, தினமும் குவியும் பாக்கியைப் பார்த்து மிரண்டு அழித்தேன். என் லேப் தவறுகளிலிருந்து நானே எழுதிய முந்நூறு சொச்சம் அட்டைகள் கடைசிவரை ஓடின.

டம்ப், அதாவது திருட்டுத்தனமாக வெளியே வந்த நிஜத் தேர்வுக் கேள்விகள் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நான் வாங்கவில்லை. ஒழுக்கசீலன் என்பதால் மட்டுமில்லை, பயமும்தான். அது தேர்வு ஒப்பந்தத்துக்கு விரோதம், பிடிபட்டால் வாங்கிய சான்றிதழையே ரத்து செய்ய இடமுண்டு. அதில் தேறி வந்த ஒருவரோடு வேலை பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர், ஆனால் லிங்க் விழுந்தால் பக்கத்து நாற்காலியைத்தான் பார்ப்பார்.

நான் எழுதியது 200-301-இன் முதல் பதிப்பு. 2024 ஆகஸ்ட் 20 முதல் 1.1 நடப்புக்கு வந்தது. தானியக்கக் கருவிகளில் பப்பெட்டும் ஷெஃப்பும் போய் டெராஃபார்ம் வந்திருக்கிறது, செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் எட்டிப் பார்க்கின்றன, ஸ்பானிங் ட்ரீயில் ரூட் கார்டு போன்ற பாதுகாப்புகள் சேர்ந்திருக்கின்றன. அடித்தளம் பெரிதாக மாறவில்லை. பழைய பதிப்புப் புத்தகம் கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், புதுத் தாளைப் பக்கத்தில் வைத்து விடுபட்டதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். ஈஐஜிஆர்பி கதை இன்னொருவருக்கு நடக்க வேண்டாம்.

சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். என்னுடையது காலாவதியாவதற்குள் இன்னொரு தேர்வு எழுத வேண்டும், இல்லையென்றால் தொடர்கல்வியில் 30 புள்ளி சேர்க்க வேண்டும். இந்த முறை வீடியோ எதுவும் வாங்கவில்லை. ஸ்விட்ச் இரண்டையும் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். விலான்.டேட்டை வேண்டுமென்றே அழிக்காமல்தான் கொடுத்தேன். மூன்றாவது நாள் அவரிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணா, எல்லாத்தையும் அழிச்சு ரீலோட் பண்ணிட்டேன், உங்க விலான் மட்டும் போக மாட்டேங்குது." ஃபிளாஷில் என்னென்ன கோப்பு இருக்கிறது என்று பார்த்தீர்களா என்று மட்டும் பதில் போட்டேன்.