கூட்டணிக்குள் தனி நாற்காலி

மனித உரிமை அமைப்புகளும் பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து இயங்க நினைத்தால் பொதுவாக மூன்று வழிகள் உண்டு: நிலையான கூட்டமைப்பு, ஒரே கோரிக்கைக்கான பிரசாரக் கூட்டணி, நிதி பெறுவதற்கான திட்டக் கூட்டு.

முதல் வகைக்குப் பழைய உதாரணம், 1922-ல் தொடங்கி இன்றும் பாரிஸிலிருந்து இயங்கும் மனித உரிமைகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு. இந்த வகையின் பலம் ஆயுள்தான். உறுப்பு அமைப்பின் ஆள் ஒருவர் கைதானால் பல நாடுகளிலிருந்து உடனே குரல் எழும். ஆனால் கருக்கலைப்பு போன்ற ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அறிக்கை வேண்டுமென்றால், திருத்தித் திருத்திக் கடைசியில் காரம் போய்விடும்.

திட்டக் கூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிதி தருபவரோடு முதன்மை நிறுவனம் ஒப்பந்தம் போடும். மற்றவர்களுக்குத் துணை மானியம் பிரியும். சம்பளம் வரும், கணக்கு ஒழுங்காகும், தணிக்கைப் பொறுப்பும் பெரிதாக முதன்மை நிறுவனத்தின் தலையில் விழும். ஆனால் களத்தில் நிற்கும் சின்ன அமைப்பு அறிக்கை எழுதும் கிளையாக மாறிவிடுவதும் இங்கேதான். திட்டக் காலம் முடிந்தால் பல சமயம் உறவும் முடிந்தது.

பிரசாரக் கூட்டணி வேறு ரகம். ஆறு அமைப்புகள் 1992-ல் தொடங்கிய கண்ணிவெடித் தடை இயக்கம், 1997-ல் தடை ஒப்பந்தத்தையும் பார்த்தது, அமைதிக்கான நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டது. கோரிக்கை ஒன்றே ஒன்று என்பதால் வேகம் கிடைத்தது. சரி, பாலின நீதிக்கும் இது பொருந்துமா? ஒற்றைக் கோரிக்கை என்ற பெயரில் பெண்களின் கோரிக்கைதான் முதலில் ‘அப்புறம் பார்க்கலாம்’ பட்டியலுக்குப் போகும்.

இதற்கு ரோமில் ஒரு விடை கிடைத்தது. போர்க்குற்றம், இனப்படுகொலை போன்றவற்றை விசாரிக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் வேண்டும் என்று 1995-ல் ஒரு பெரிய கூட்டணி உருவானது. அதோடு சேர்ந்து இயங்கியபடியே, பெண்ணுரிமைச் செயல்பாட்டாளர்கள் 1997-ல் பாலின நீதிக்கான தனிக் குழு ஒன்றை அமைத்து, தங்கள் பரிந்துரைகளைத் தாங்களே எழுதினார்கள். போர்க்காலத்தில் பொதுமக்களைப் பாதுகாப்பதற்கான 1949-ன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம் பாலியல் வல்லுறவைப் பெண்ணின் ‘மானத்தின்’ மீதான தாக்குதல் என்றுதான் பேசியது. அந்த நீதிமன்றத்தை நிறுவிய 1998-ன் ரோம் சட்டமோ வல்லுறவையும் பாலியல் அடிமைத்தனத்தையும் கட்டாயக் கருத்தடையையும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களில் சேர்த்தது. நீதிபதிகளில் ஆண், பெண் இருபாலரின் நியாயமான பிரதிநிதித்துவத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் எழுதிவைத்தது. 2003-ல் தேர்வான முதல் 18 நீதிபதிகளில் 7 பேர் பெண்கள். எல்லாம் கிடைத்துவிடவில்லை, ‘பாலினம்’ என்ற சொல்லுக்கான விளக்கம் எதிர்ப்பாளர்களோடு செய்த சமரசத்தில் இரு பாலினங்களோடு நின்றது.

ஆகவே சட்டமோ ஒப்பந்தமோ மாற வேண்டுமென்றால் என் ஓட்டு பிரசாரக் கூட்டணிக்கு. அதுவும் உள்ளே தனிக் குழு வைத்துக்கொள்ள இடம் இருந்தால் மட்டும். ஆட்களின் பாதுகாப்புதான் முதல் கவலை என்றால் கூட்டமைப்பு. சம்பளத்துக்காகத் திட்டக் கூட்டில் சேரத்தான் வேண்டும் என்றால், சேகரித்த சாட்சியங்கள் யாருக்குச் சொந்தம், எந்த அறிக்கையில் யார் பெயர் வரும் என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம் கேட்டால் கிடைக்காது.