செயின்சா பல் தீட்ட அரமா, கிரைண்டரா?

மொரிசியஸில் நவம்பர் தொடங்கி மே நடுப்பகுதி வரை புயல் காலம். 2024 ஜனவரியில் பெலால் புயல் உரசிப் போனதுபோல் ஒன்று போனாலே பாதையில் மரம் கிடக்கும், பல வீடுகளில் கரண்டும் இருக்காது. சங்கிலியை அரத்தால் தீட்டுவதா, கல் சுழலும் மேசைக் கிரைண்டரில் தீட்டுவதா என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது. மீதி விடை, பல்லுக்கு என்ன கோளாறு என்பதில் இருக்கிறது. ஒரே ஒரு செயின்சா வைத்திருப்பவருக்கு அன்றாடம் அரம்தான் சரி. கிரைண்டர் அடிபட்ட சங்கிலிக்குச் செய்யும் வைத்தியம்.

எதைத் தொடுவதற்கும் முன் பல்லை வெயிலில் திருப்பிப் பாருங்கள். வெட்டும் முனையில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் அது மழுங்கிய பல். கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. மரத்தில் சீவல் விழாமல் தூள் மட்டும் கொட்டினாலும் இதே நோய்தான். அந்த நிலையில் அழுத்தி வெட்டினால் பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) எஞ்சினும் சூடாகித் தேயும்.

அரத்தில் முதல் தவறு அளவில் நடக்கிறது. சிறிய வீட்டு ரம்பங்களில் வரும் 3/8 லோ புரொபைல் சங்கிலிக்கு 4 மி.மீ. வட்ட அரம், 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மி.மீ. பெரிய 3/8 சங்கிலிக்கு மட்டும் தயாரிப்பைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. வரும், சங்கிலிப் பெட்டியில் போட்டிருப்பதை வாங்குங்கள். பிட்ச் (3/8, 0.325 என்று சொல்லும் அந்தக் கண்ணி அளவு) தெரியாவிட்டால் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலுக்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் அதுதான் பிட்ச்.

ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றி, பாரை வைஸில் கடிக்கவிட்டு, சங்கிலி ஆடாதபடி பிரேக்கைப் போடுங்கள். அரம் பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போக வேண்டும். தள்ளும்போது மட்டுமே வெட்டும், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். கோணம் பெரும்பாலும் 30 டிகிரி, அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். அரம் கீழே இறங்கினால் முனை கொக்கியாகி மரத்தைக் கடித்து, சீக்கிரம் மழுங்கும். மேலே ஏறினால் பல் வழுக்கிக்கொண்டு போகும், வெட்டாது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இரண்டோ மூன்றோ தள்ளல். 72 டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணி) உள்ள சங்கிலியில் பக்கத்துக்கு 18 பல் இருக்கும். ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் இப்படிச் செய்தால் நீண்ட நேரம் அரம் பிடிக்க வேண்டிய நிலையே வராது.

அரத்தின் பலவீனம் மனிதக் கை. வலக்கைக்காரர் ஒரு பக்கப் பல்லை அதிகமாகத் தேய்த்துவிடுவார். பற்களின் நீளம் மாறியதும் வெட்டு வளைந்து போகும். வழிகாட்டிச் சட்டம் இருந்தால் இது குறையும். பல்லோடு, அதற்கு முன்னால் நின்று வெட்டின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் முகட்டையும் சேர்த்துத் தேய்க்கும் டூ இன் ஒன் கருவி கொஞ்சம் விலை, ஆனால் புதியவருக்கு நான் சொல்வது அதைத்தான். தேய்ந்த அரத்தைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். வழுக்கத் தொடங்கினால் மாற்றுங்கள். அரத்துக்கு எண்ணெயும் போடாதீர்கள்.

கிரைண்டர் ஜெயிக்கும் இடம் வேறு. கோவில் முற்றத்து மரத்தில் தோரணம் கட்ட அடித்த ஆணி, வேலிக்கம்பி, நிலத்துக் கல்: இவற்றில் பட்ட பல்லின் வெளிப்பூச்சான குரோம் உடைந்திருக்கும். அந்த உடைந்த பகுதி முழுதும் போகும்வரை பல் பின்வாங்க வேண்டும். கையால் தேய்த்தால் மணிக்கணக்கில் ஆகும், கிரைண்டருக்கு வினாடிகள். நீளம் மாறிப்போன பற்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரவும் அதுவே நல்லது. லோ புரொபைலுக்கு 3.2 மி.மீ. கல், பெரிய 3/8க்கு 4.7 மி.மீ. கல். மேல் கோணம் 30, தலைச் சாய்வு பொதுவாக 60 டிகிரி. கல்லை மாட்டுமுன் தட்டிப் பாருங்கள். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும், அதை எறிந்துவிடுங்கள். இணையத்தில் அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் எந்திரம் வாங்கி நம் 230 வோல்ட் பிளக்கில் நேரே மாட்ட வேண்டாம்.

ஆபத்து சூட்டில்தான். கல்லைப் பல்லில் அழுத்திப் பிடித்தால் முனை பழுப்பாகி, பிறகு நீலமாகும். எஃகின் பதம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தப் பல் ஓரிரு வெட்டிலேயே மழுங்கும், இல்லை கண்ணாடிபோல் இறுகி அரத்தை ஏற்காது. தொட்டுத் தொட்டு எடுங்கள், ஒரு பல் சூடேறினால் அடுத்ததுக்குப் போய்விட்டுத் திரும்புங்கள். கல் பளபளத்து அடைத்திருந்தால் டிரெஸ்ஸிங் கட்டியால் தேய்த்துப் புதுமுகம் கொடுங்கள். சூட்டுக்குப் பெரிய காரணம் அதுதான்.

கார் பேட்டரியில் ஓடும் கைச்சுழலி இரண்டுக்கும் நடுவே வரும். கல் தேயத் தேய விட்டம் குறைந்து பல்லின் வடிவம் மாறுவதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எதில் தீட்டினாலும் பல் பின்வாங்கப் பின்வாங்க அதற்கு முன்னிருக்கும் முகடு உயரமாகிவிடும். பெரும்பாலான 3/8, 0.325 சங்கிலிகளில் முகடு பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். மூன்று நான்கு தீட்டலுக்கு ஒருமுறை அளவுத்தகடு வைத்து, மேலே நீட்டுவதைத் தட்டை அரத்தால் எடுத்து, முன்விளிம்பை உருட்டிவிடுங்கள். ஆசைப்பட்டு அதிகம் எடுத்தால் ரம்பம் உலுக்கும், பின்னுதையும் (ரம்பம் ஆளை நோக்கி எகிறுவது) பலமாகும்.

கடலோரப் பிலாவோவுக்கு, அதாவது சவுக்குக்கு, தனிக் கணக்கு. சவுக்கு மரமே கடினம், பட்டையில் மணல் வேறு. பெல் மார் பக்கம் வெட்டுபவர்கள் சதுர முனைப் பல்லை விட்டுவிட்டு உருண்ட முனையுள்ள செமி சிசல் போடுவது மேல்; வேகம் கொஞ்சம் குறையும், கூர் நிற்கும். வெட்டும் இடத்துப் பட்டையைக் கத்தியால் சீவிவிட்டால் இன்னும் நிற்கும். கார்பைடு முனைச் சங்கிலி மணலைத் தாங்கும், ஆனால் சாதாரண அரமோ கல்லோ அதைத் தொடாது, வைரச் சக்கரம் வேண்டும்.

கடையில் கொடுத்துத் தீட்டி வாங்கினால் பணம் கொடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். ஒரு பல்லும் நீலமாக இருக்கக் கூடாது. இரு பக்கமும் மிகக் குட்டையான பல்லை எடுத்து ஒப்பிட்டால் நீளம் ஒத்திருக்க வேண்டும். கல்தூள் ரிவெட்டுகளுக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, காயவைத்து, பார் எண்ணெயில் ஊறவிட்டு மாட்டுங்கள், உப்புக் காற்றில் துருவும் பிடிக்காது.