லண்டன் ஸ்டேடியம்: வெஸ்ட் ஹாமின் தோல்விகளில் மைதானத்தின் பங்கு எவ்வளவு?

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான வெஸ்ட் ஹாம் சொந்த மைதானத்தில் இரண்டு ஆட்டம் தோற்றால் போதும், பழி லண்டன் ஸ்டேடியத்தின் தலையில் விழும். 2016-இல் பழைய மைதானமான போலின் கிரவுண்டை விட்டு வந்த நாள் முதல் இதே பேச்சுதான். அதில் பாதி உண்மை இருக்கிறது. நன்றாக ஆடும் அணிக்கு இந்த மைதானம் ஒரு தடையே இல்லை. தடுமாறும் அணிக்குத்தான் இங்கே கைகொடுக்க ஒன்றும் இல்லை.

முதல் குறை, ரசிகர்களுக்கும் களத்துக்கும் இடையிலான தூரம். 2012 ஒலிம்பிக்கிற்காகக் கட்டியது இது. களத்தைச் சுற்றிய ஓடுதளத்தில் ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர்; எட்டுப் பாதை என்றாலே கிட்டத்தட்ட 10 மீட்டர். கால்பந்துக்காகக் கீழ்த்தட்டு இருக்கைகளை முன்னே நகர்த்தினாலும் இடைவெளி முழுதாக அடைபடவில்லை. கோலுக்குப் பின்னால் இருந்த வளைவைப் பிற்பாடு நேராக்கியது நல்ல திருத்தம், ஆனாலும் போலினின் நெருக்கம் வரவில்லை. அங்கே த்ரோ-இன் (வெளியே போன பந்தைப் பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிவது) எறிய வரும் எதிரணி வீரரின் முதுகுக்குப் பின்னாலேயே கூட்டம் நிற்கும். சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 170 மீட்டரைக் கடக்க ஒலிக்கு அரை நொடி ஆகும். ஒரு முனையில் தொடங்கும் பாட்டு மறுமுனைக்குத் தாளம் பிசகித்தான் போய்ச் சேரும்.

இரண்டாவது விஷயம் ஆடுகளத்தின் அளவு. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. போலினில் சுமார் 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம். இங்கே 105-க்கு 68. பரப்பில் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதல். நான்கு பேர் கொண்ட தற்காப்பு வரிசையில் ஃபுல்-பேக்குக்கும் (ஓரத்துத் தற்காப்பு வீரர்) சென்டர்-பேக்குக்கும் (நடுத் தற்காப்பு வீரர்) இடையே வழி திறக்கிறது. மெதுவான சென்டர்-பேக் இருந்தால் வேகமான விங்கர் (ஓரத்தில் ஓடும் தாக்குதல் வீரர்) அங்கேதான் நுழைவார். ஆனால் 105-க்கு 68 என்பது இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் வழக்கமான அளவு. ஆகவே இங்கே புதிதாக ஒரு பாதகம் சேரவில்லை. சிறிய களத்துக்குப் பழகாத எதிரணியைத் திணறடித்த பழைய சாதகம்தான் போய்விட்டது.

அதற்காகப் போலினைக் கோயிலாக்கவும் வேண்டாம். 2002-03 சீசனில் ஜனவரி கடைசி வரை அங்கே ஒரு லீக் வெற்றிகூட இல்லை; 42 புள்ளிகள் எடுத்தும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. இங்கேயோ, 2020-21-இல் கொரோனாவால் இருக்கைகள் பெரும்பாலும் காலியாகக் கிடந்தபோது 65 புள்ளிகளுடன் ஆறாமிடம். அந்த சீசனில் லீக் முழுவதும் உள்ளூர் அணிகள் (சொந்த மைதானத்தில் ஆடியவை) 144 ஆட்டங்களில் வென்றன, வெளி அணிகள் 153-இல். சொந்த மைதானத்தின் பலத்தில் பெரும்பங்கு கூட்டம்தான், கட்டடம் அல்ல.

2022-23 இன்னும் தெளிவான சான்று. லீக்கில் 14-ஆம் இடம். அதே ஸ்டேடியத்தில், அதே சீசனில், ஐரோப்பியப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் ஏழு உள்ளூர் ஆட்டங்களிலும் வெற்றி. எதிரணிகள் பலம் குறைந்தவை என்பது சரிதான். ஆனால் முந்தைய சீசனில், 2022 மார்ச்சில், ஸ்பெயினின் செவில்லாவைக் கூடுதல் நேரத்தில் 2-0 என்று வென்ற இரவில் இதே கூரை அதிர்ந்ததே! மற்றொரு லண்டன் கிளப்பான டாட்டன்ஹாமும் அப்படித்தான். எல்லோரும் மெச்சும் புது ஸ்டேடியம் இருந்தும் 2024-25 லீக்கில் 22 தோல்விகள், 17-ஆம் இடம். இன்னொரு ஐரோப்பியப் போட்டியான யூரோப்பா லீக்கிலோ அங்கே ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

பின் எங்கே உதைக்கிறது? முதல் கோல் வாங்கிய பிறகான கால்மணி நேரத்தில். 62,500 பேர் அமரும் இடத்தில் அமைதி பரவினால் அது கனமாக இறங்கும். வீரர்கள் முன்னே கொடுக்க வேண்டிய பந்தைப் பின்னே தட்டுவார்கள், முணுமுணுப்பு எழும், அடுத்த பாஸ் இன்னும் பயந்து வரும். நெருக்கமான மைதானத்தில் ஒரு நல்ல டாக்கிளோ ஒரு கார்னரோ இந்தச் சுழலை உடைத்துவிடும். இங்கே அந்த ஆரவாரம் மங்கித்தான் வீரரை எட்டுகிறது.

எந்த கிளப்பையும் இப்படிச் சோதிக்கலாம். ஒரு ஆட்டத்துக்கு உள்ளூரில் எடுத்த புள்ளி எத்தனை, வெளியே எத்தனை என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து சரிந்தால் கோளாறு அணியில். வெளியே நிலையாக இருந்து உள்ளூரில் மட்டும் விழுந்தால் மைதானத்தைச் சந்தேகிக்கலாம். பிரீமியர் லீக்கில் ஒரு சீசனில் உள்ளூர் ஆட்டம் 19-தான். குறைந்தது மூன்று சீசன் சேர்த்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

இருக்கை தேர்வு செய்பவர்களுக்கு: கீழ்த்தட்டின் முன்வரிசைகளைத் தவிருங்கள், சரிவு குறைவு என்பதால் எதிர்ப்பக்க ஆட்டம் தட்டையாகத் தெரியும். நடுக்கோட்டருகே மேல்தட்டின் முதல் சில வரிசைகளில் அமர்ந்தால், மேலே சொன்ன ஃபுல்-பேக் இடைவெளி திறப்பதை நீங்களே பார்க்கலாம்.