மிரர் ஃபிலிமா, செராமிக் ஃபிலிமா?

சென்னையில் மேற்குப் பார்த்த ஜன்னல் உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மே மாதம் மூன்று மணிக்கு மேல் ஏசி ஓடினாலும் கண்ணாடிப் பக்கம் உட்கார முடியாது. இந்தச் சூட்டைக் குறைக்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிமில் மிரரா, செராமிக்கா என்பதுதான் கேள்வி.

மிரர் ஃபிலிமில் மெல்லிய உலோகப் பூச்சு, பெரும்பாலும் அலுமினியம், இருக்கும். வெயிலில் பெரும் பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். விலையும் குறைவு. பகலில் தெருவில் போகிறவருக்குத் தன் முகம்தான் தெரியும். சிலர் நின்று தலை சீவிக்கொண்டும் போவார்கள். ஆனால் இருட்டி, உள்ளே டியூப்லைட் போட்டதும் கதை தலைகீழ்: வீடு முழுக்க வெளியே தெரியும். அதனால் திரைச்சீலையைக் கழற்றிவிடாதீர்கள். பகலிலும் அறை கொஞ்சம் மங்கலாகும்.

செராமிக்கில் உலோகப் பூச்சு இல்லை. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். செராமிக் ஃபிலிம் குறிவைப்பது அதைத்தான். வெளிச்சம் தாராளமாக வரும், விலைதான் கூடுதல். சூட்டைத் திருப்புவதைவிட உறிஞ்சுவதே அதிகம் என்பதால் மாலையில் கண்ணாடியைத் தொட்டால் சுடும்.

கடையில் சூடான பல்புக்கு முன் ஃபிலிமைப் பிடித்து, கையை வைக்கச் சொல்வார்கள். அதில் மயங்காதீர்கள்; அது காட்டுவது பெரும்பாலும் அகச்சிவப்பைத் தடுப்பதைத்தான். அகச்சிவப்பை எத்தனை சதவீதம் தடுக்கிறது என்பதை விடுங்கள். மொத்த சூரிய வெப்பத்தில் எவ்வளவு தடுக்கிறது என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால், மேற்குப் படுக்கையறைக்கு மிரர் போதும். மரமோ வானமோ தெரிகிற ஹாலுக்குச் செராமிக். வடக்கு ஜன்னலுக்கு இரண்டுமே வேண்டாம்.