டென்னிஸ் பந்து முதல் மசாஜ் கன் வரை: நின்றே வேலை பார்ப்பவளின் அனுபவம்

ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. கடை திறந்ததிலிருந்து இரவு வரை நிற்பது, குனிந்து எடுப்பது, விரித்துக் காட்டுவது, மறுபடி மடிப்பது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே வந்துவிட்டது. எங்கள் பிரிவிலும் ஸ்டூல் இருக்கிறது. முகூர்த்த நாள் கூட்டத்தில் அதில் யார் உட்காருவது? அதனால் குதிகால், கெண்டைக்கால், தோள்பட்டை மூன்றையும் வீட்டில் நானேதான் உருட்டியும் அழுத்தியும் கவனித்துக்கொள்கிறேன், சில வருடங்களாக.

முதலிடம் டென்னிஸ் பந்துக்கு. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் அதே பந்துதான். தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே, கை எட்டாத இடத்தில் ஒரு முடிச்சு இருக்குமே, அங்கே பந்தை வைத்துச் சுவரில் சாய்ந்து, முழங்காலை மடக்கி நீட்டி மேலும் கீழும் நகர வேண்டும். வலிக்கிற புள்ளி சிக்கியதும் நிறுத்தி, அப்படியே அரை நிமிடம் சாய்ந்தபடி நிதானமாக மூச்சு விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். பந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடுவதுதான் தொல்லை. பழைய சாக்ஸுக்குள் போட்டு, நுனியைத் தோளுக்கு மேலாகப் பிடித்துக்கொண்டால் ஓடாது. முதுகெலும்பின் மேல் மட்டும் வைக்காதீர்கள். கார்க் பந்தும் வேண்டாம், எலும்பில் குத்தும்.

குதிகாலுக்கு ஐஸ் பாட்டில். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது சுருக்கென்று குத்துகிறவர்களுக்கு இது புரியும். அரை லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து (முழுக்க நிரப்பினால் உறையும்போது பிதுங்கிவிடும்), சாக்ஸ் போட்டுக்கொண்டு பாதத்துக்கு அடியில் பத்து நிமிடம் உருட்டுகிறேன். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

கெண்டைக்காலுக்குச் சப்பாத்திக் கட்டை. கணுக்காலிலிருந்து முழங்கால் பக்கமாக, மெதுவாக. இதற்கென்று தனிக் கட்டை வாங்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் மாமியார் பார்த்த பார்வை போதும். ஃபோம் ரோலரும் (உடம்புக்கு அடியில் வைத்து உருளுகிற கெட்டியான நுரை உருளை) இருக்கிறது. தொடைக்கு நல்லது. ஆனால் தரையில் கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும்; வேலை முடிந்து வந்த பிறகு யாருக்குத் தெம்பு?

மசாஜ் கன் தம்பி வாங்கித் தந்தது; துப்பாக்கி மாதிரிப் பிடித்துக்கொண்டால் அதன் தலை வேகமாகச் சதையைத் தட்டும் மிஷின். தொடைக்கும் இடுப்புக்குப் பின்னால் உள்ள சதைக்கும் அருமை, முதுகுக்கு எட்டாது. இதில் எல்லோரும் வேகத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தலை எவ்வளவு தூரம் முன்னால் வந்து போகிறது என்பதை. விலை குறைந்தவற்றில் 6 முதல் 8 மி.மீ, விலை கூடியவற்றில் 12 முதல் 16 மி.மீ வரை வரும். என்னுடையது சின்ன ரகம். கொஞ்சம் அழுத்தினால் மோட்டார் திணறும், சத்தமும் மிக்ஸி மாதிரி. இப்போது பெரும்பாலும் அலமாரியில்தான் இருக்கிறது.

எதுவும் வலியை ஒரேயடியாகப் போக்கிவிடாது. தீபாவளிச் சரக்கு பண்டல் பண்டலாக ஏற்றி இறக்கினால் மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள்தான் உடம்பு அதிகம் வலிக்கும். எதை உருட்டினாலும் அது நாலைந்து நாள் இருந்துவிட்டுத்தான் போகும். இவை தருவது அன்றைய தூக்கத்தை. எனக்கு அது போதும்.

"அக்கா, அந்த மிஷினை ஒருநாள் குடுங்களேன்" என்று கூட வேலை செய்யும் பெண் கேட்டாள். அவள் கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும். கொடுக்கவில்லை, கோபித்துக்கொண்டாள். வெரிக்கோஸ் நரம்பின் மேல் இதை வைக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகச் சிவந்து வலித்தால் பந்தோ கட்டையோ எதையும் அதன்மேல் உருட்ட வேண்டாம். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.