1990 அம்புலன்ஸ் பற்றி: வீட்டில வருத்தக்காரர் இருக்கிற ஆக்கள் வாசியுங்கோ

முதலே சொல்லிவிடுறன், இலங்கையில அவசரத்துக்கு 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா வாற சுவசெரிய அம்புலன்ஸுக்கு காசு இல்ல. ஒரு சதமும் இல்ல. இதை முதல் வரியிலயே போடுறதுக்குக் காரணம், இண்டைக்கும் எங்கட யாழ்ப்பாணப் பக்கம் "எவ்வளவு எடுப்பினம்" எண்டுதான் சனம் கேக்குது, வந்த பெடியளுக்கு ஏதும் குடுக்கோணுமோ, ஆஸ்பத்திரியில போய் இறங்க பில் நீட்டுவினமோ எண்டு யோசிச்சுக்கொண்டே சந்திக்கு ஓட்டோ பிடிக்க ஓடுறவை கனபேர். 2016ல இந்தியாவின்ர நன்கொடையில மேல் மாகாணத்திலயும் தென் மாகாணத்திலயும் தொடங்கின சேவை இது, அப்ப பிரதி அமைச்சரா இருந்த ஹர்ஷ டி சில்வா முன்னுக்கு நிண்டு கொண்டுவந்தது, வடக்குக்கு 2018 ஜூலையில வந்தது. அதே வருசம் அதுக்கெண்டு தனிச் சட்டமும் போட்டு இப்ப அரசாங்கத்தின்ர சேவையா ஓடுது. தொடக்கத்தில வேலைக்கு எடுத்த ஆக்களை ஹைதராபாத்துக்கு அனுப்பித்தான் பயிற்சி குடுத்தவை.

எங்கட வீட்டில மாமாவுக்கு இதய வருத்தம், மாமிக்கு சீனி, பிரஷர் ரெண்டும். என்ர மனுசன் வேலையால வர இரவாகும். அதால இந்தச் சேவையை நான் ஒரு பராமரிக்கிற ஆளின்ர கண்ணாலதான் பாக்கிறன், வாகனம் புதுசோ பழசோ எண்டதை விட அந்த நேரம் வீட்டில தனிய நிக்கிற மனுசிக்கு இது என்ன செய்யுது எண்டதுதான் எனக்கு முக்கியம்.

மாமாவுக்கு நெஞ்சு நோ வந்தது ஒரு இரவு, சாப்பிட்டுப்போட்டு கதிரையில இருந்தவர், முதல் வாய்வு எண்டார், பேந்து பாத்தா உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது, இடக்கை உழையுது எண்டு சொல்றார், முகம் வெளுத்துப்போச்சு. நான் 1990ஐ அடிச்சன். உடன எடுத்து தமிழிலயே கதைச்சினம். ஆர் கதைக்கிறது, எந்த இடம், அவருக்கு எத்தினை வயசு, நினைவு இருக்கோ, மூச்சு சீரா விடுறாரோ, முந்தி இதய வருத்தம் இருந்ததோ, என்ன குளிசை போடுறவர் எண்டு ஒவ்வொண்டா நிதானமாக் கேட்டவை. எனக்கு கை நடுங்குது, ஆனா அந்தப் பிள்ளை கேக்கிற கேள்விக்கு மறுமொழி சொல்லச் சொல்ல என்ர மூளையும் ஒரு ஒழுங்குக்கு வந்துட்டுது. அவரை நடக்க விடாதேங்கோ, சாஞ்சு இருக்கிறமாதிரி இருத்துங்கோ, சேட் பட்டனைக் கழட்டிவிடுங்கோ, சாப்பிடக் குடிக்க ஒண்டும் குடுக்காதேங்கோ, வெளி லைற்றைப் போட்டு கேற்றைத் திறந்துவிடுங்கோ, ஒரு ஆளை சந்தியில நிக்கவிடுங்கோ எண்டு சொன்னது. என்னைக் கேட்டா அம்புலன்ஸ் வந்ததில பாதி உதவி, அது வரும்வரைக்கும் என்ன செய்யிற எண்டு ஒருத்தர் சொல்லித் தந்ததில மீதிப் பாதி.

உண்மையில நோயாளியை விட பக்கத்தில நிக்கிற ஆள்தான் கூட அந்தரப்படுறது. எங்கட வீடுகளில வழமை என்னெண்டா ஆரும் விழுந்தா உடன கனடாவுக்கு, லண்டனுக்கு கோல் எடுக்கிறது, மகளிட்ட கேப்பம், தம்பியிட்ட கேப்பம் எண்டு. அவை அங்க நித்திரையால எழும்பி அழுகை, இஞ்ச இவை அழுகை. பிள்ளையளுக்கு சொல்லத்தான் வேணும், அதில பிழையில்ல, ஆனா அம்புலன்ஸில ஏத்தினாப்பிறகு சொல்லுங்கோ. வெளிநாட்டில இருக்கிற பிள்ளையளுக்கும் ஒண்டு சொல்றன், 1990 உள்நாட்டு நம்பர், நீங்கள் அங்கயிருந்து அடிக்கிறதை நம்பி இருக்காதேங்கோ, அம்மா அப்பாவுக்கு பக்கத்து வீட்டில ஒரு ஆளின்ர நம்பரை இப்பவே வாங்கி வச்சிருங்கோ, "ஏதும் எண்டா 1990க்கு அடிச்சுவிடுங்கோ அண்ணை" எண்டு முதலே சொல்லியும் வையுங்கோ.

இடம் சொல்றதுதான் யாழ்ப்பாணத்தில பெரிய வேலை. எங்கட ஒழுங்கையளில வீட்டு இலக்கத்தை ஆர் பாக்கிறது, "பிள்ளையார் கோயிலடி" எண்டா ஊருக்கு நாலு பிள்ளையார் கோயில் இருக்கு. தபாற்காரருக்கு விளங்கிற விலாசம் இரவில வாற ட்ரைவருக்கு விளங்காது. நான் செய்து வச்சிருக்கிறது என்னெண்டா, ஒரு மட்டையில பெரிய எழுத்தில, முதல் பெரிய றோட்டின்ர பேர், பேந்து எந்தச் சந்தியில திரும்புறது, அந்தச் சந்தியில என்ன கடை இல்லாட்டி பள்ளிக்கூடம், எந்தக் கைப்பக்கம் ஒழுங்கை, வீட்டுக் கேற் என்ன நிறம் எண்டு எழுதி போனுக்கு மேல சுவரில ஒட்டியிருக்கு. மாமி பதகளிச்சாலும் பாத்து வாசிக்கலாம். ஸ்மார்ட்போன் வச்சிருக்கிற ஆக்களுக்கு சுவசெரியவின்ர அப்பும் இருக்கு, அதால எடுத்தா நீங்கள் நிக்கிற இடம் அவைக்குத் தெரியும். ஆனா வயசான ஆக்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு மட்டைதான் நல்லது. இன்னொண்டு, கோல் எடுத்த போனை வச்சுப்போட்டு அதாலயே சொந்தக்காரருக்கு அடிச்சுக்கொண்டு இருக்காதேங்கோ, ட்ரைவர் வழி கேட்டு அந்த நம்பருக்குத்தான் எடுப்பார், எங்களுக்கும் எடுத்தவர், "எந்தப் பக்கம் திரும்பிறது அக்கா" எண்டு.

வந்தவை ரெண்டு பேர், ஒருத்தர் ட்ரைவர், மற்றவர் முதலுதவி படிச்சவர். வந்த உடன தூக்கிக்கொண்டு ஓடேல்ல, அதை எங்கட சித்தப்பா ஒருத்தர் குறையாச் சொன்னார், ஏன் உதில நிண்டு மினக்கெடுகினம் எண்டு, ஆனா அது மினக்கெடுத்தல் இல்ல. பிரஷர் பாத்து, சீனி பாத்து, விரலில மாட்டி ஒக்சிசன் பாத்து, அதுக்குப் பிறகுதான் ஸ்ட்ரெச்சரில எடுத்தவை. "ஐயா பயப்பிடாதேங்கோ, இப்ப நோ கூடுதோ குறையுதோ" எண்டு வழி முழுக்க கதைச்சுக்கொண்டு வந்தவர் அந்தப் பெடியன். பெரியாஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில இறக்கி, தான் பாத்ததெல்லாத்தையும் அங்க நிண்ட டொக்டரிட்ட சொல்லி ஒப்படைச்சிட்டுத்தான் திரும்பினவர். ஓட்டோவில ரெண்டு பேர் தாங்கிக்கொண்டு போறதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பாரிசவாதத்துக்கு இன்னும் அவசரம். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க ஏலாமப் போனாலோ, கதை குழறினாலோ எண்ணெய் தேச்சுப் பாப்பம், விடியட்டும் பாப்பம் எண்டு இருக்கக்கூடாது. இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடுறதெண்டா தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்ள போடோணும், அதுக்கு முதல் மூளையில இரத்தக்கசிவு இல்லையெண்டு சிரி (CT) ஸ்கான் எடுத்துப் பாக்கோணும், அந்த நேரமும் இந்த நாலரைக்குள்ளதான் போகுது. அதால எத்தினை மணிக்குத் தொடங்கினது எண்டதை ஒரு துண்டில எழுதிக்கொண்டு போங்கோ, டொக்டர்மார் முதல் கேக்கிறதே அதுதான்.

இனி இந்தச் சேவையால ஏலாத விசயங்கள், இதுகள் தெரியாமத்தான் கனபேர் ஏமாறுகினம். இது அவசரத்துக்கு மட்டும். கிளினிக்குக்கு கூட்டிக்கொண்டு போறதுக்கு, டிஸ்சார்ஜ் ஆகி வீட்ட வாறதுக்கு, கிழமைக்கிழமை டயலிசிஸுக்குப் போறதுக்கு வராது. ஒரு ஆஸ்பத்திரியிலயிருந்து மற்றதுக்கு மாத்துறதெண்டா அது ஆஸ்பத்திரியின்ர அம்புலன்ஸ் வேலை. "எங்களை இந்த பிரைவேட்டுக்கு விடுங்கோ" எண்டு அவையோட வாதாடவும் வேண்டாம், பொருத்தமான அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவினம். நெடுந்தீவு ஆக்களின்ர பாடு வேற, குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும்தான் றோட்டு, அங்கால கடல், வாகனம் எவ்வளவு நல்லதா இருந்தும் படகு வந்தாத்தான் கதை. அந்தச் சனத்தை நினைச்சா எனக்கு சரியான கவலை.

மற்றது ஆஸ்பத்திரி வாசலோட இவையின்ர வேலை முடியும், அங்கால நீங்கள்தான். அதனால ஒரு பை கட்டி வச்சிருங்கோ. கிளினிக் கொப்பி, கடைசியா எடுத்த ரிப்போர்ட்டுகள், போடுற குளிசை அட்டையளோட, அடையாள அட்டை, எந்த மருந்து ஒத்துவராது எண்டு எழுதின துண்டு, போன் சார்ஜர், ஒரு சாரம், துவாய், தண்ணிப் போத்தல். குளிசையை டப்பாவில கொட்டிக் கொண்டுபோனா அங்க ஒருத்தருக்கும் விளங்காது, அட்டையோட கொண்டுபோங்கோ. கூடப் போறது வருத்தத்தைப் பற்றி முழுக்கத் தெரிஞ்ச ஆளா இருக்கோணும், அழுகிற ஆளை அனுப்பாதேங்கோ. எங்கட வீட்டில மாமாவோட நான்தான் ஏறினது, என்ர மனுசன் நேர ஆஸ்பத்திரிக்கு வந்தவர். டொக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் பையைத் திறந்து காட்டினன், முந்தின ஈசிஜி கையில இருந்ததால புதுசையும் பழசையும் வச்சு ஒப்பிட்டுப் பாத்தவை.

அஞ்சுக்கு எத்தினை எண்டு கேட்டா நான் அஞ்சும் குடுப்பன். இரவில தமிழில ஒரு குரல் "அக்கா அந்தரப்படாதேங்கோ, வாகனம் வெளிக்கிட்டுட்டுது" எண்டு சொல்றது எங்களை மாதிரி ஆக்களுக்கு எவ்வளவு பெரிய விசயம் எண்டது அந்த இடத்தில நிண்டவைக்குத்தான் தெரியும். சும்மா விளையாட்டுக்கு அந்த நம்பருக்கு அடிக்கிற பெடியள் இருந்தா பெற்றோர் தயவுசெய்து கண்டியுங்கோ, அந்த நேரம் லைனுக்குக் காத்துக்கொண்டு நிக்கிறது ஒரு தாயா இருக்கலாம். ஒழுங்கையில அம்புலன்ஸ் வந்தா மோட்டார்சைக்கிளை ஓரமா எடுத்து, வேலியில முட்டிற கிளையளையும் வெட்டிவிடுங்கோ, எங்கட ஒழுங்கையில போன கிழமை அயலவை எல்லாரும் சேந்து வெட்டித் துப்பரவாக்கியாச்சு, இப்ப வாகனம் வீட்டு வாசல் வரைக்கும் வரும்.