சிஸ்கோவின் குரலைக் கேட்டு முடித்த பிறகு

போன மார்கழியில் ரொறொன்ரோவில் இருந்து வந்த தங்கை, சேலைகளுக்கு நடுவில் சுற்றி ஒரு கனத்த பெட்டியைக் கொண்டுவந்து தந்தாள். ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற அமெரிக்க விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் முழு டிவிடித் தொகுப்பு. 1993 தை மாதம் தொடங்கி 1999 ஆனியில் முடிந்த தொடர். ஏழு பருவம், 176 அத்தியாயம். அந்த நாட்களில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் வீடியோக் கசெற்றில் நாலைந்து அத்தியாயம் பார்த்திருந்தேன். கதை மறந்துபோய்விட்டது. கதை நடக்கும் விண்வெளி நிலையத்தின் தளபதி சிஸ்கோவின் குரல் மட்டும் காதில் நின்றது. அதற்காகத்தான் கேட்டு வாங்கினேன். தையில் தொடங்கி, இரவுக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று என்று ஆடி மாதத்தில் பார்த்து முடித்தேன்.

சிஸ்கோவாக வரும் ஏவரி புரூக்ஸின் பேச்சைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். இந்தத் தொடரைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டவர்கள், எனக்குத் தெரிந்தவரை, சொல்லும் காரணம் அந்தப் பேச்சுத்தான். என் தம்பியின் மகனும் முதல் வட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டான்: “மாமி, இந்தாள் ஏன் இப்பிடிக் கதைக்கிறார்? பக்கத்தில நிக்கிற ஆளோட கதைக்கிறதுக்கு மைதானத்துக்கே கேக்கிற மாதிரி. மற்ற ஆக்கள் எல்லாம் சாதாரணமாத்தானே கதைக்கிறாங்க.”

அவன் காதில் விழுந்தது சரிதான். புரூக்ஸ் சொற்களை மெல்லுவார். வசனத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் மூச்சை நிறுத்தி, ஒரு கணம் எல்லோரையும் காக்கவைத்து, பிறகு அந்தச் சொல்லை வைப்பார். மற்ற நடிகர்கள் விழுங்கிவிடும் மெய்யெழுத்துக்களை அவர் பல்லில் பிடித்து நிறுத்துவார். நாங்கள் எதிர்பாராத சொல்லில் அழுத்தம் விழும். கிசுகிசுப்பில் தொடங்கி முழக்கத்துக்கு ஒரே மூச்சில் ஏறுவார். வெள்ளவத்தையில் எங்கள் வீடு கடற்கரை ரயில் பாதைக்கு மிக அருகில். அந்தக் கிசுகிசுப்பு வரும் நேரம் பார்த்துப் பாணந்துறை ரயில் போகும். எத்தனையோ இடங்களில் பின்னுக்குப் போய்த் திரும்பக் கேட்டிருக்கிறேன். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான் அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு விளங்கத் தொடங்கியது.

அவர் மேடை மனிதர். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்து, அங்கேயே கற்பித்தவர். ஒதெல்லோவாக நடித்தவர். கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ரோப்சனின் வாழ்க்கையைத் தனியாள் நாடகமாக மேடையில் செய்தவர். பாடகரும்கூட. இப்படிப்பட்டவரை விண்வெளி நிலையம் ஒன்றின் பொறுப்பாளராகத் தொலைக்காட்சியில் இருத்தினால் அந்தக் குரல் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

எனக்கு இதற்கு விடை தந்தது மட்டக்களப்பில் சின்ன வயதில் பார்த்த வடமோடிக் கூத்து. வட்டக்களரியில் காடும் இல்லை, அரண்மனையும் இல்லை. மத்தளமும் சல்லரியும், சுற்றிவரச் சனமும்தான். அரசன் களரியைச் சுற்றி ஒரு வட்டம் ஆடி வந்தால் அஸ்தினாபுரத்தில் இருந்து வனத்துக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். அதை எங்களை நம்பவைப்பது அவன் குரல். சந்தைக்குப் போகிறவன் கதைக்கிற மாதிரி அரசன் கதைத்தால் களரி வெறும் மண்ணாகிவிடும். விஞ்ஞானப் புனைகதைத் தொடரும் அப்படித்தான். கலையகத்தில் தட்டிச் செய்த சுவர், மின்குமிழ் பொருத்திய பலகை, ஒரு யன்னல். அந்த யன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள் இருக்கின்றன என்று யாராவது ஒருவர் முழு மனதோடு நம்பிச் சொல்லவேண்டும். சமையலறைப் பேச்சில் அதைச் சொன்னால் பலகை பலகையாகவே தெரியும்.

முதல் அத்தியாயத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. காலம் என்றால் என்னவென்றே தெரியாத உயிர்களுக்கு, நேற்று, இன்று, நாளை என்பதை சிஸ்கோ விளக்கவேண்டும். அவை அவர் மனைவியின் முகத்திலும், தெரிந்த மற்றவர்களின் முகங்களிலும் வந்து கேள்வி கேட்கின்றன. மனைவியோ செத்துப்போனவள். பேஸ்போல் விளையாட்டை எடுத்து, அடுத்த பந்து எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாததால்தான் ஆடுகிறோம் என்று அவர் விளக்குகிறார். சுற்றிவர வெள்ளை வெளிச்சம், அருகில் முகங்கள், வேறொன்றும் இல்லை. அது அப்பட்டமான வெறும் மேடை. அங்கே அந்தக் குரலுக்கு ஒவ்வொரு சொல்லிலும் வேலை இருக்கிறது.

அதே அத்தியாயத்தில் நான் ஐந்தாறு தரம் பார்த்த இன்னொரு காட்சி உண்டு. முந்திய ஸ்டார் ட்ரெக் தொடரின் கப்பல் தலைவர் பிக்கார்ட், அதாவது பேட்ரிக் ஸ்டுவர்ட், சிஸ்கோவைக் கூப்பிட்டுப் பேசுகிறார். வுல்ஃப் 359 சண்டையில் சிஸ்கோவின் மனைவி இறந்தபோது எதிரியின் பிடியில் சிக்கி, அவர்கள் குரலாகவே நின்றவர் பிக்கார்ட். தன் எதிரில் இருப்பவரின் மனைவி அங்கே இறந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. மரியாதையாகக் கதையைத் தொடங்குகிறார். நாங்கள் முன்பே சந்தித்திருக்கிறோம், சண்டையில், என்கிறார் சிஸ்கோ. சத்தம் உயரவே இல்லை. சொற்களுக்கு இடையில் மட்டும் இரும்புக் கம்பி மாதிரி இடைவெளி. ஸ்டுவர்ட்டின் முகம் இறுகி, பிறகு உத்தியோகபூர்வமான தொனிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. மேடையில் வளர்ந்த இரண்டு பேர் ஒரு சின்ன அறைக்குள் குரலை எவ்வளவு அடக்கலாம் என்று காட்டும் இடம் அது. மேடைக் குரல் என்றால் கத்துவது என்று நினைப்பவர்கள் இதை ஒருக்கால் கேட்கவேண்டும்.

ஸ்டுவர்ட்டைச் சொன்னதால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. அவர் 1966இல் ரோயல் ஷேக்ஸ்பியர் கம்பனியில் சேர்ந்தவர். பிக்கார்ட் பிரெஞ்சுக்காரர் என்று கதை சொல்கிறது. பேச்சோ சுத்தமான ஆங்கில மேடைப் பேச்சு. யோர்க்‌ஷையரில் வட்டார வழக்குப் பேசி வளர்ந்த பையன் பயின்று எடுத்துக்கொண்ட பேச்சு அது. அது செயற்கை என்று எனக்குத் தெரிந்த ஒருவரும் முறைப்பட்டதில்லை. ‘என்ன வடிவான இங்கிலீஷ்’ என்பார்கள். புரூக்ஸ் செய்தால் மட்டும் மிகைநடிப்பு. ஸ்டுவர்ட்டின் மேடை எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கமான மேடை. புரூக்ஸின் பேச்சில் எனக்குக் கேட்பது கறுப்பின மக்களின் பிரசங்க மேடையும், ஜாஸ் பாட்டின் தாளமும். எந்தச் சொல்லில் நிற்பது, எதை நீட்டுவது என்று அந்தத் தாளம் தீர்மானிக்கிறது. எங்கள் காது அதற்குப் பழகவில்லை.

இதை நான் ஊகத்தில் எழுதவில்லை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பேச்சும் நாடகமும் பழக்குகிறேன். சில வருடத்துக்கு முன், ஹற்றன் பக்கத்தில் இருந்து வந்த ஒரு பிள்ளையை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். தோட்டத்தில் பேசும் தமிழின் ஏற்ற இறக்கம் அவள் பேச்சில் அப்படியே இருந்தது. கேட்கக் கண் கலங்கும். நடுவர்கள் ‘இயல்பாக இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் பரிசு வாங்கிய பிள்ளை வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் பேசியது. செய்தி வாசிக்கிற மாதிரி யார் வீட்டில் பேசுகிறார்கள்? பழகிய செயற்கையைத்தான் நாங்கள் இயல்பு என்கிறோம். அந்தத் தாளை இன்னும் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். கோபம் இன்னும் போகவில்லை.

பொருந்தாத இடங்களும் இருக்கின்றன. முதல் பருவத்தில், கதவைத் திற, கப்பலை நிறுத்து என்ற மாதிரியான சின்னக் கட்டளைகளுக்கும் அவர் அதே பாரத்தை ஏற்றுகிறார். உத்தியோகத்தவர்களோடு பகிடி பேசும்போது சிரிப்பு அரை நொடி பிந்தி வருகிறது. தனக்குக் கொடுத்த சட்டை இன்னும் உடம்பில் படியாத மாதிரி ஒரு விறைப்பு. அந்தப் பருவத்தில் எழுத்தே பலவீனம்; வெறும் வசனத்துக்குப் பெரிய குரல் கொடுத்தால் வசனத்தின் வெறுமைதான் கூடத் தெரியும்.

ஆனால் மகன் ஜேக்கோடு சமைக்கிற காட்சிகளைப் பாருங்கள். சிஸ்கோவின் தகப்பன் நியூ ஓர்லியன்ஸில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். சட்டியைக் கிளறிக்கொண்டு மகனைச் சீண்டும்போது அந்தக் குரல் முழுக்கத் தளர்ந்து, கீழ் ஸ்தாயியில் பொங்கிச் சிரிக்கிறது. மேடை அங்கே இல்லை. நாலாம் பருவத்தில் ஓர் அத்தியாயத்தில் அவர் ஒற்றர் படத்து வில்லன் மாதிரி வருகிறார். வேண்டுமென்றே அளவுக்கு மீறி நடிக்கிறார், ஒவ்வொரு சொல்லையும் உருட்டி உருட்டி. அதைப் பார்த்த பிறகு, இந்த மனிதருக்கு அளவு தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. மூன்று அளவுகோல் வைத்திருக்கிறார்: வீட்டுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, கடமைக்கு ஒன்று. நிலையத்துக்குப் பக்கத்துக் கிரகமான பேஜோரின் மக்கள் தங்கள் தெய்வங்களின் தூதர் என்று கும்பிட, அதை விரும்பாமல் சுமக்கும் ஆள் சிஸ்கோ. தான் கேட்காத வேடத்தைக் கட்டியிருப்பவனின் பேச்சில் வேடம் கொஞ்சம் தெரியத்தானே வேண்டும்.

1998இல் வந்த இரண்டு அத்தியாயங்களுக்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம். ஒன்றில் 1950களின் நியூயோர்க்கில் ஒரு விஞ்ஞானக் கதை இதழில் வேலைசெய்யும் பென்னி ரசல் என்ற கறுப்பின எழுத்தாளராக வருகிறார். கறுப்பினத் தளபதி ஒருவனை வைத்து எழுதிய கதையை வெளியிட முதலாளி மறுக்க, வேலையும் போக, அலுவலகத்திலேயே உடைந்து விழுகிறார். அத்தியாயத்தை இயக்கியவரும் புரூக்ஸ்தான். மருமகனால் அந்த இடத்தைப் பார்க்கமுடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு ஊரில் செத்தவீட்டில் கேட்ட ஒப்பாரி நினைவுக்கு வந்தது. ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் மூச்சு முன்னதாகவே அறும். கடைசியில் சொல் போய்ச் சத்தம் மட்டும் நிற்கும். அப்படியேதான் அவர் செய்கிறார். அழுகையில் எனக்குக் குறை இல்லை. கமராதான் அவ்வளவு கிட்டப் போயிருக்கத் தேவையில்லை. ஒப்பாரியை யாரும் முகத்தோடு முகம் வைத்துக் கேட்பதில்லை.

மற்றதில், போருக்குள் இன்னொரு அரசை இழுப்பதற்காகப் பொய்ச் சாட்சி தயாரித்து, அதன் வழியில் கொலைக்கும் உடந்தையாகிவிட்ட சிஸ்கோ, மேலங்கியைக் கழற்றிவிட்டுக் கையில் குடிவகையோடு எங்களையே பார்த்துக் கதை சொல்கிறார். பச்சையான தனிமொழி. சாதாரணமாகப் பேசியிருந்தால் அது பாவமன்னிப்புக் கேட்பதாகிப்போயிருக்கும். புரூக்ஸோ வழக்குப் பேசுகிறார், தன் மனச்சாட்சிக்கு எதிராகத் தானே. நீட்டல், நிறுத்தல், முழக்கம் எல்லாம் வருகின்றன. கடைசியில் இதோடு தன்னால் வாழமுடியும் என்கிறார். கொஞ்சம் பொறுத்து அதையே மறுபடி சொல்கிறார், முழக்கம் எதுவும் இல்லாமல். பிறகு, பதிவு முழுவதையும் அழிக்கும்படி கணினிக்குச் சொல்லிவிடுகிறார். இத்தனை பருவமாக அந்தப் பெரிய குரலைக் கேட்டுப் பழகியிருந்தால்தான் அது இல்லாமல்போகும் கணம் நெஞ்சில் இடிக்கும். அன்றிரவு மருமகன் சாப்பிடக்கூட எழும்பவில்லை. “திரும்பப் போடுங்க மாமி” என்றான்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். படம் தெளிவு குறைவு. பிலிமில் எடுத்து வீடியோ நாடாவில் தொகுத்த தொடர் இது. முந்திய தொடரை மூல பிலிமில் இருந்து திரும்பத் தொகுத்து 2012 முதல் உயர்தெளிவில் வெளியிட்டார்கள். இதற்கு அது நடக்கவில்லை. பெரிய திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். ஒலி நன்றாக இருக்கிறது, எனக்கு அது போதும். டிவிடி வட்டுகளை உலகத்தின் வலயங்களாகப் பிரித்து விற்கிறார்கள்; கனடாவில் வாங்கிய வட்டு முதலாம் வலயம், எங்கள் நாடு ஐந்தாம் வலயம். வீட்டுப் பிளேயர் வாசிக்க மறுத்தது. பம்பலப்பிட்டியில் ஒரு கடைப் பையன் ரிமோட்டில் சில இலக்கங்களை அழுத்தி அதைச் சரிசெய்து தந்தான். வெளிநாட்டில் இருந்து யாரும் கொண்டுவரப்போகிறார்கள் என்றால் முதலிலேயே இதைக் கவனியுங்கள்.

முதல் பருவம் பொறுக்கமுடியவில்லை என்றால் முதல் அத்தியாயத்தை மட்டும் பார்த்துவிட்டு மூன்றாம் பருவத்தின் முடிவுக்குப் போங்கள். அங்கே சிஸ்கோவுக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. நாலாம் பருவத்தில் தலையை மழித்துத் தாடியோடு வரும்போது குரலும் உடம்பில் இறங்கிவிட்டிருக்கும். வசன எழுத்தைத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். அது முழு வரியையும் முன்கூட்டியே காட்டிவிடும். கடைசிச் சொல்லுக்கு முன்னால் அவர் மூச்சைப் பிடித்து நிற்கும்போது, நீங்கள் அதை ஏற்கெனவே வாசித்து முடித்திருப்பீர்கள்.